சின்னத்தில் மட்டும் சைக்கிள்

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் ஓட்டுவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்று ஓர் ஏற்றம். 14 கிலோமீட்டருக்குள் 21 கொண்டை ஊசி வளைவுகள். நம் கொல்லிமலையில் 70 இருக்கின்றன. கால் வலிக்கும், மூச்சு வாங்கும், ஏறிவிடலாம். கஷ்டமெல்லாம் புதுச்சேரியின் சேதராப்பட்டிலிருந்து ஒரு சைக்கிளைக் கிளப்பிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுவதில்தான்.

முதலில் பயிற்சி. மலைச் சைக்கிளுக்கு மேடு பள்ளம், கல், முள், புதர் எல்லாம் வேண்டும். அந்தக் குறையை அரசு வைக்கவில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று சொல்லி, சேதராப்பட்டு, கரசூர் பக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் முள்தான் வந்தது. ஆட்சி மாறியது, அறிவிப்பு மாறியது, முள் மாறவில்லை. மலைச் சைக்கிளுக்கு அரசு அமைத்துத் தந்த ஒரே மைதானம் அது. நுழைவுக் கட்டணத்தை நிலம் கொடுத்தவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

அடுத்தது விசா. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவரின் பேரன் இன்று பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். போடாதவரின் பேரன் 90 யூரோ கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம், 30,000 யூரோவுக்குக் காப்பீடு எல்லாவற்றையும் அடுக்கி, ‘சத்தியமாகத் திரும்பி வந்துவிடுவேன்’ என்று நிரூபிக்க வேண்டும். சரி, அவன் நாடு, அவன் கேட்கிறான். நம் கோபம் நம்முடைய அலுவலகக் கவுண்டர்களோடு.

லாஸ்பேட்டையில் நமக்கும் ஒரு விமான நிலையம் உண்டு. 2013இல் புது முனையம் திறந்தார்கள். விமானம் வரும், கொஞ்ச காலம் பறக்கும், நின்றுவிடும். 2024இல் மாதக்கணக்கில் ஒன்றுகூட இல்லை. டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஓடுபாதை சின்னது. நீட்ட வேண்டுமானால் தமிழ்நாட்டு நிலம் வேண்டும். பேச்சு நடக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த ஓடுபாதையில் தடையில்லாமல் ஓடுவது பேச்சு ஒன்றுதான். ஆகவே, மீனம்பாக்கம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ்; அது தெரியாமல் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு விரல் முட்டியில் தோல் மிஞ்சாது. ஹேண்டில்பாரைத் திருப்பி, டயரில் காற்றைக் குறைத்து, பின்கியர் தொங்கும் கொக்கி வளையாமல் பழைய வேட்டியைச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் இறக்கினால் நீளமே 140 சென்டிமீட்டரைத் தொடும். விமானக் கணக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்தே 158தான். மிச்சத்துக்குத் தனிக் காசு.

பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர் டபுள் விசில் கொடுத்துவிடுவார். ரயிலில் அனுப்பலாம் என்று ஒரு பார்சல் கவுண்டருக்குப் போனேன். “ஆர்.சி. புக் கொண்டாந்தீங்களா?” என்றார் உள்ளே இருந்தவர். “சைக்கிள் சார்.” “வண்டிதானே? பெட்ரோல் காலி பண்ணிட்டீங்களா?” அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. கடைசியில் 14 கிலோ சைக்கிளுக்கு ஒரு குட்டி யானை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். எரிபொருளே கேட்காத வாகனத்துக்கு மீனம்பாக்கம் வரை டீசல்.

விமான நிலையத்தில் சுங்கம். விலையுள்ள பொருளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதானால், கிளம்பும் முன்பே காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் வரும்போது, ‘அங்கே வாங்கியதா?’ என்று வரி கேட்கலாம். சைக்கிள் பிரேமின் எண் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். பெட்டியோ ஏழு சுற்று டேப் போட்டு ஒட்டியாயிற்று. பிரி, கவிழ், எண்ணைக் காட்டு, மறுபடி ஒட்டு. நம் சைக்கிள் நம்முடையதுதான் என்று நம் நாட்டிடமே எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இத்தனை பாடும் சொந்தக் காசில் மலை ஏறப் போகிறவனுக்கு. படட்டும். ஆசைக்கு ஓட்டுகிறவன் அவன். பிழைப்புக்கு ஓட்டுகிறவன் கதை வேறு.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நின்று பாருங்கள். டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. தார் முடியும் விளிம்பில் ஒரு சாண் பள்ளம். இறங்கினால் சறுக்கும், இறங்காவிட்டால் லாரி. அவர் இறங்குகிறார். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், கேரியர் ஆடுகிறது. லாரி போன பிறகு புழுதிக்குள்ளிருந்து மறுபடி தாருக்கு ஏறுகிறார். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி. குழியில் விழுகிறவர் எந்த அரசைத் திட்டுவது என்று பார்த்துத்தான் விழ வேண்டும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை மோட்டார் வாகனம் கிடையாது. நல்ல ஏற்பாடு. சுற்றுலா வந்தவர் வாடகைச் சைக்கிளில் சாய்ந்து நின்று, மஞ்சள் சுவர் தெரியப் படம் எடுத்துக்கொள்கிறார். வேலைக்குப் போகிறவர் சைக்கிளுக்கு அப்படி ஒரு மணி நேரம் எந்த ஊரில் ஒதுக்கியிருக்கிறார்கள்? ஒதுக்கவில்லை. ஒதுங்கச் சொல்கிறார்கள். கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளையே தடை செய்தது காவல்துறை. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம்.

வரியைப் பாருங்கள். 2019 ஆகஸ்டிலிருந்து 2025 செப்டம்பர் வரை மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. சைக்கிளுக்கு 12. அரைக்கோடிக்குக் கார் வாங்கியவர் சுற்றுச்சூழலைக் காப்பாற்றினார். ஆறாயிரத்துக்குச் சைக்கிள் வாங்கியவர் என்ன பாவம் செய்தாரோ, இரண்டு மடங்குக்கு மேல் கட்டினார். ஆறு ஆண்டுகள். பிறகுதான் யாருக்கோ உறைத்தது.

ஆனால் சைக்கிளைக் கும்பிடுவதில் நமக்கு நிகர் நாமே. 1996இல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசுக்குச் சைக்கிள் சின்னம். ஊரெல்லாம் சுவரில் சைக்கிள். அது டெல்லியில் அமைச்சரவை வரைக்கும் ஏறிப் போனது. சைக்கிள்காரனுக்கு ஒரு முழம் பாதை வரவில்லை. கிரண் பேடி இங்கே துணைநிலை ஆளுநராக இருந்த காலத்தில் வார இறுதிகளில் சைக்கிளில் சுற்றினார். படங்கள் வந்தன. 2024 டிசம்பரில் மத்திய அரசு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் இயக்கம் தொடங்கியது. உடல்நலத்துக்காம். திங்கள் முதல் சனி வரை ஓட்டுகிறவனுக்கு உடல் இல்லை போலிருக்கிறது.

உத்தரப் பிரதேசம் ஒரு படி மேலே. 2014 ஜனவரியில், முசாபர்நகர் கலவரத்தில் வீடிழந்தவர்கள் குளிரில் முகாம்களில் கிடந்தபோது, அமைச்சர்களும் எம்.எல்.ஏ.க்களுமாக 17 பேர் நெதர்லாந்து உட்பட ஐந்து நாடுகளுக்கு ஆய்வுப் பயணம் போனார்கள். 2016 நவம்பரில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலையை அந்த அரசு திறந்தது. அப்போதைய ஆளுங்கட்சியின் சின்னம் சைக்கிள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. பாதைக்கு அதற்குப் பிறகு ஆள் இல்லை. எதிர்க்கட்சிச் சின்னத்துக்கு எவன் தார் போடுவான்?

நம் பக்கத்திலிருந்தும் சைக்கிள் பாதையைப் பார்த்துவர ஒரு குழு ஐரோப்பா கிளம்பாமல் இருக்காது. கிளம்பும்போது சொல்லி அனுப்புங்கள், என் பெட்டியை இரவல் தருகிறேன். 32 கிலோ வரை தாங்கும். நிபந்தனை ஒன்றுதான். போகும்போது உள்ளே சைக்கிள் இருக்க வேண்டும். வரும்போதும் அதே சைக்கிள் இருக்க வேண்டும். சான்றை நான் சரிபார்ப்பேன்.