பானைக்குள் கை விட்டவர்

பானையில் ஓலை போட்டுக் குலுக்கி ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறை, நாங்கள் படித்த காலத்தில் ஐந்து மார்க். ‘முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921, 30 குடும்புகள்’ என்று உருப்போட்டு எழுதினால் ஐந்தும் கிடைக்கும். அந்தக் கல்வெட்டு எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில்தான் இருக்கிறது என்று வாத்தியார் காட்டியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. மண்டபத்தை மட்டும் நன்றாகத் தெரியும். வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. முதுகைச் சாய்த்த கல்லில் இருந்ததைத்தான் மறுநாள் பரீட்சையில் எழுதினோம்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். நவம்பரில் பாரம்பரிய வாரம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். பஞ்சகச்சம் கட்டிய ஏழாம் வகுப்புச் சபையோர், பானை, ஓலை, மைக் செட், பிரமுகர்கள். ஒருமுறை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டிய தகுதிகளை ஒரு டீச்சர் வாசித்தார். வயது 35-க்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி.

“அப்ப எங்க தாத்தா நின்னிருக்க முடியாதா மிஸ்?” என்றாள் ஒரு சிறுமி.

“நீயே நின்னிருக்க முடியாது. உட்காரு.”

அன்றைய நிகழ்ச்சியில் உருப்படியான வரலாற்றுப் பாடம் அதுதான். அடுத்தது தகுதியின்மை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனோடு போகாது, மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று உறவுமுறை முழுக்க அடைபடும். இந்த இடத்தில் டீச்சர் மேடையை ஒரு பார்வை பார்த்தார். நேரமின்மை காரணமாக அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்பதைச் சொன்னார்கள். அவர்கள் காத்த வைரமேக தடாகம் இன்றும் ஊர் ஏரியாக இருக்கிறது. அதைப் பார்க்க யாரையும் கூட்டிப்போகவில்லை. இன்னொரு விசேஷம்: உத்திரமேரூர் இப்போது 18 வார்டு பேரூராட்சி. ஆகவே சட்டப்படி இங்கே கிராம சபை கிடையாது. சபைக்குப் பேர்போன ஊரில் கிராம சபை பார்க்க வேண்டுமானால் பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாகக் குலுக்கல். ஓலையை எடுக்க வேண்டியவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன்; கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. அதற்கென்று ஒரு பொடியன் குளித்து, திருநீறு பூசித் தயாராக நின்றான். அவனை நகர்த்திவிட்டு, பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர் பானைக்குள் கை விட்டார். கைதட்டல், போட்டோ.

விதி மீறல் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்கும் தெரியாதுதான்.