எழுவர் வந்தார்கள், இருவர் வந்தோம்

செங்கம் ரோட்டில் குடியிருக்கும் எங்களுக்கு வெள்ளைக்காரர்களை எடைபோடத் தனியாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. இடுப்பில் வேட்டி நிற்கும் அழகைப் பார்த்தே, ஆள் திருவண்ணாமலைக்கு வந்து எத்தனை மாதம் என்று டீக்கடையில் சொல்லிவிடுவோம். 1899 முதல் 1916 வரை ரமணர் இருந்த விரூபாட்ச குகைக்கு அவர்கள் வெறுங்காலோடு ஏறுவதை, கீழே செருப்போடு நின்று ரசிப்போம். 1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ரமணாசிரமத்தில் மயங்கி விழுந்தாரே, அதைக்கூட வெயில் என்றுதான் எங்கள் கடையில் தீர்ப்பு.

அப்படிப்பட்ட நான் இலங்கையில் தம்புள்ளை குகைக் கோயில் டிக்கெட் கவுண்டரில் நின்றேன். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம். "நம்ம நிறத்துக்கு யார் கேட்கப்போறாங்க?" என்றேன். "வாயைத் திறக்காம இருங்க, போதும்" என்றாள் மனைவி. உள்ளே இருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். வெளிநாட்டவர் டிக்கெட் இரண்டு வந்தது.

மேலே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மத்தியானப் பாறை. இடியாப்பம் விற்கும் ஒரு பெரியவர் மரத்தடியில் உட்கார்ந்து நான் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் டீக்கடைக்குச் சொந்தமானது.

வழிகாட்டிக்குத் தமிழ் நன்றாக வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் தமிழர் எழுவர் படையோடு வந்து வலகம்பா மன்னனை அனுராதபுரத்திலிருந்து விரட்டினார்களாம். மன்னன் இந்தக் குகைகளில் ஒளிந்திருந்து, பதினான்கு ஆண்டுக்குப் பின் ஆட்சியைப் பிடித்ததும் இவற்றைக் கோயிலாக்கினான் என்பது மரபு. வந்தவர்களில் ஒருவன் அரசியோடும், இன்னொருவன் புத்தரின் பிச்சைப் பாத்திரத்தோடும் ஊர் திரும்பியதாக மகாவம்சம் சொல்கிறது. இதைச் சொல்லும்போது அவர் எங்கள் பையையே பார்த்ததாக எனக்குப் பட்டது.

முதல் குகையில் பள்ளிகொண்ட புத்தர், நீளம் 14 மீட்டர். "நம்ம கிரிவலமும் 14 கிலோமீட்டர்" என்று மனைவி உறவு கண்டுபிடித்தாள். புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்பதால் செல்ஃபி இல்லை. நல்ல சட்டம், எங்கள் ஊருக்கும் வரலாம். இரண்டாம் குகையில் விஷ்ணு நின்றார். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் விபூதித் தட்டைத் தேடினாள்.

அங்கேதான் கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டி ஒரு பாத்திரத்தில் விழுகிறது. கோடையிலும் வற்றாதாம், சுற்றிலும் கம்பி வேலி.

"ஏங்க, தீர்த்தம் கொஞ்சம் தருவாங்களான்னு கேளுங்க."

வழிகாட்டிக்குக் காது கூர்மை. "தண்ணீர் என்றால் பரவாயில்லை அம்மா. போன முறை வந்தவர்கள் பாத்திரத்தையே கொண்டு போய்விட்டார்கள்."