கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை

கேள்வி: பொத்தானை அழுத்தினால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. ஆயுசு முடிந்துவிட்டதா?
(ஒரு தகப்பனார், வில்பட்டி)

பதில்: நாடி பார்ப்பதற்கு முன்னால் பாடை கட்டுவானேன்? அதே பிளக்கில் கைபேசி சார்ஜரைச் செருகி, சுவரில் மின்சாரம் இருக்கிறதென்று நிச்சயம் செய்துகொண்டு, பெட்டியின் பின்புறம் வயர் நுழையும் இடத்தருகே உள்ள சிறிய ஸ்விட்ச் கோடு போட்ட பக்கமாக அழுந்தியிருக்கிறதா என்று கவனியுங்கள். துடைப்பம் அணைத்த ஸ்விட்சுக்காகப் பழுது பார்ப்பவரை அழைத்தவர்கள் அநேகம். பிறகு வயரைப் பிடுங்கி, பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு மறுபடி செருகுங்கள். அதற்கும் அசையாவிட்டால், சுவர் மின்சாரத்தை யந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் போகிறது. ஐப்பசி மழையிலே மரம் சாய்ந்து கம்பி அறுந்து, நாம் இருட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்கையில், திடீரென்று திரும்பி வரும் மின்சாரம் 230 வோல்ட்டைத் தாண்டி ஒரு துள்ளல் துள்ளுமானால், முதல் பலி பெரும்பாலும் அதுதான். அதை முழுசாக மாற்றிவிடலாம். திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் கெபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

கேள்வி: விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு, 'பீப், பீப்' என்று விடாமல் சப்தம். பல்லி சொல்கிறது, சகுனம் சரியில்லை என்கிறார் மாமியார்.
(ஓர் இல்லத்தரசி)

பதில்: மாமியார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. திரை விழிப்பதற்கு முன்பே யந்திரம் தன் அங்கங்களைப் பரிசோதித்துக்கொள்கிறது. குறை கண்டால் அந்த நிலையில் அதற்கு வாய்த்த பாஷை ஒலி ஒன்றுதான். எத்தனை பீப்புக்கு என்ன பலன் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும் என்றாலும், விடாத கூவலுக்கு ராம் என்ற நினைவகப் பலகை காரணமாயிருப்பது சர்வ சாதாரணம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி மேலேறிய பெட்டியில் ராம் சற்றே நெகிழ்ந்திருக்கலாம்; பனியின் ஈரத்தில் அதன் முனைகளில் களிம்பு படிந்திருக்கலாம். வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மிருதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் 'டக்'கென்று விழும்படி அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: காலையில் இரண்டு மூன்று தடவை முயன்றால்தான் கிளம்புகிறது. ஈரம்தான் காரணமென்றால், பூண்டுக்குப் புகை போடும் இடத்திலேயே இதையும் வைத்தாலென்ன?
(ஒரு பூண்டு விவசாயி)

பதில்: கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; புகையிட்ட கம்ப்யூட்டருக்கு எவரும் அந்த மரியாதை செய்யப்போவதில்லை. கரியும் ஈரமும் சேர்ந்து விசிறியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். விடியற்குளிரில் சில்லிட்ட பெட்டி இருக்கும் அறையிலேயே வெந்நீர் கொதிக்கவைத்தால், அந்த ஆவி அதன்மேல் துளித்துளியாகப் படிவது இயற்கை. ஆகையால் அடுப்பங்கரையை விட்டு விலக்கி, தரையிலிருந்து உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். ஈரம் தெரிந்தால் உலரும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். பாலிதீன் போட்டு மூடாதீர்கள். தினம் சிறிது நேரம் ஓடவிட்டால் அதன் சூடே அதற்கு வைத்தியம்.

கேள்வி: கிளம்பும்போதெல்லாம் வருஷம் 2009 என்று காட்டிவிட்டு, எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடுகிறது.
(ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: அதன் கணக்குப்படி 2018-இன் குறிஞ்சி இன்னும் பூக்கவேயில்லை, கொடுத்துவைத்த யந்திரம்! மதர்போர்டில் நாணயம்போல் உட்கார்ந்திருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்துபோயிற்று. பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2. எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி புதியதைப் போட்டு, தேதியைத் திருத்திச் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: ஆயுத பூஜை தவறாமல் செய்தும் ஏன் இப்படி?
(அதே தகப்பனார்)

பதில்: சந்தனத்தைக் காற்றுத் துவாரத்தில் அப்பியிருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள்.

கேள்வி: பேத்தியின் படங்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். போனது போனதுதானா?
(ஒரு பாட்டி)

பதில்: கலங்காதீர்கள், அம்மா. படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலும் அதற்குச் சேதமில்லை. கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படங்களைப் பிரதி எடுக்கலாம். பெட்டியைக் கடைக்கு அனுப்புகிறபோது மட்டும், "ஃபார்மட் போடக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டெழுதி அதன் தலையிலேயே ஒட்டி அனுப்புங்கள்.