வண்டி நிற்கிறது, பெயர் ஓடுகிறது

அனுப்புநர்:
புகழ்பெற்ற கார் ஒன்றின் உரிமையாளர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: கார் நிறுவனம் ஒன்றின் நற்பெயரைச் சொந்தச் செலவில் பராமரித்துவரும் குடிமகன் உரிய அங்கீகாரம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 110ஏ (2019ஆம் ஆண்டுத் திருத்தம்).
2. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.
3. என் மாமனாரின் வாய்மொழி ஆலோசனை (தேதி இல்லை).

ஐயா,

பார்வை 3இல் கண்ட ஆலோசனைப்படி, நம்பகமானது என்று நாடே பேசும் ஒரு நிறுவனத்தின் காரை வாங்கினேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும், “அந்தக் கம்பெனி வண்டியா? இருக்காதே!” என்பீர்கள். காக்ஸ் டவுனில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் மனுவே அந்த ‘இருக்காதே’ மீதுதான்.

வண்டியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நிற்பதில் அதற்கு நிகர் கிடையாது. ஐடிசி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றிருக்கிறது. வீலர் சாலையில், பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து நின்றிருக்கிறது. மார்க்கெட் பக்கம் காய்கறித் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்று, பின்னால் வந்த ஆட்டோக்காரர்களிடம் எனக்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் ஏச்சு வாங்கித் தந்திருக்கிறது. ‘செக் எஞ்சின்’ விளக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது எரியும். சர்வீஸ் சென்டரின் வாசலைக் கண்டதும் அணையும். ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் பையன், “கோட் எதுவும் காட்டலியே சார்” என்பான். ஜாப் கார்டில் ‘சோதித்ததில் குறை தென்படவில்லை’ என்று எழுதி, சோதித்ததற்குக் காசு வாங்கிக்கொள்வார்கள். ஆக, ஆவணங்களின்படி என் கார் ஒருநாளும் பழுதானதே இல்லை. மேம்பாலத்தில் நின்றது வேறு யாருடைய காரோ.

ஐயா, பெயர் கெட்ட கம்பெனியின் வண்டி நின்றால் அது வண்டியின் குற்றம். பெயர் பெற்ற கம்பெனியின் வண்டி நின்றால் அது ஓட்டியவன் குற்றம். தெருமுனை ஷெட்டில் மெக்கானிக், போனட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னார்: “இந்த வண்டி நிக்காது சார். நீங்க கிளட்ச் மேலயே கால வெச்சினு ஓட்றீங்க.” இது ஆட்டோமேடிக், கிளட்ச் பெடலே இல்லை என்றேன். “அதான் பாருங்க” என்றார்.

சர்வீஸ் அட்வைசர் எலியைச் சொன்னார். எலி கடித்த வயருக்கு வாரண்டி கிடையாதாம். எலி கடித்த வயரைக் காட்டுங்கள் என்றதும் எலியை விட்டுவிட்டுப் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து இந்த வசதி கூடியிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பெட்ரோலைக் கைகாட்டுகிறார்கள். பெட்ரோல் பக்கத்தில் கேட்டால் வண்டியைக் கைகாட்டுகிறார்கள். நடுவில் நான் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காயில் குங்குமம் குறைவு என்று பக்கத்து வீட்டு அம்மா கண்டுபிடித்தார். மாமனார் எச்.ஏ.எல்.லில் விமானத்துக்கு ரிவெட் அடித்து ஓய்வு பெற்றவர். இயந்திரம் பொய் சொல்லாது என்பது அவருடைய வேதம். “மாப்பிள்ளை, இந்த வண்டில ஒரு தொந்தரவும் வராது. நீங்க அதை என்ன செஞ்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க” என்கிறார். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி, பார்வை 1. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 110ஏ பிரிவை முழுதாகப் படித்தேன். ஒரு மாடலில் உள்ள குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவர்களுக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடும் என்றால் அந்த வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நீங்கள் உத்தரவிடலாம். நிறுவனம் முழு விலையைத் திருப்பித் தரவோ, மாற்று வண்டி தரவோ, பழுதை நீக்கித் தரவோ வேண்டும். அபராதம் 10 இலட்சத்தில் தொடங்கி 1 கோடி வரை. அருமையான சட்டம். ஆனால் என் வண்டி அதன் கைக்கு அகப்படாது. கிளம்பாத கார் யாரையும் இடிப்பதில்லை, புகை கக்குவதில்லை, சிக்னலை மீறுவதில்லை. உங்கள் அளவுகோலில் பார்த்தால் நாட்டிலேயே ஆகப் பாதுகாப்பான கார் என் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. திரும்பப் பெறச் சொல்லாவிட்டாலும் ஒரு விருதாவது கொடுக்கலாம்.

அடுத்த நிபந்தனை இன்னும் நயமானது. சோதனை நிறுவனமோ வேறு யாரோ குறையைத் தெரிவிக்காத பட்சத்தில், விற்ற வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, இத்தனை உரிமையாளர்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணிக்கை புகழ்பெற்ற கம்பெனிக்கு எதிராக எப்படிச் சேரும்? பெயரில்லாத வண்டி நின்றால் சொந்தக்காரன் ஊரைக் கூட்டுவான். பெயர் பெற்ற வண்டி நின்றால் யாரும் பார்க்கும் முன் ஓரங்கட்டுவான். தப்பு நம்மேல்தானோ என்று முதலில் சந்தேகப்படுவான். வெளியே சொன்னால் விற்கும்போது விலை விழுமே என்று பிறகு கணக்குப் போடுவான். கடைசியில் வாயை மூடிக்கொள்வான். இப்படி மூடிய வாய்களையெல்லாம் திருப்தியான வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்து விளம்பரம் வருகிறது. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டு மாமனார் தன் மாப்பிள்ளைக்கு ஆலோசனை சொல்கிறார்.

பெயர் சும்மா வருமா என்று நீங்கள் கேட்கலாம். வராதுதான். 2000இல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிடதியிலிருந்து டொயோட்டா குவாலிஸ் வந்தது. அதற்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் விளம்பரக்காரர்கள் அல்ல. இராப்பகலாக ஓட்டிய டாக்சி டிரைவர்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்த வண்டியை நிறுத்திவிட்டு 2005இல் இன்னோவாவைக் கொண்டுவரும் துணிச்சலை அந்தப் பெயர்தான் கொடுத்தது. கெட்ட பெயரும் இப்படித்தான். 1998இல் டாடா இண்டிகா வந்தபோது ஆரம்ப வண்டிகளில் குறைகள் குவிந்தன. அவற்றைச் சரிசெய்து 2001இல் வி2 வந்தது. நாடெங்கும் டாக்சியாக ஓடித் தேய்ந்தது. ஆனாலும் முதல் வண்டி வாங்கிய வசவைப் பின்னால் வந்தவை வெகுகாலம் சுமந்தன. ஒரு வண்டி சம்பாதித்த பெயரை இன்னொரு வண்டி செலவழிக்கிறது. நாம் பெயரைப் பார்த்து வாங்கும்போது, கைக்கு வருவது சம்பாதித்த வண்டியா செலவழிக்கும் வண்டியா என்று எந்த ஷோரூமிலும் சொல்வதில்லை.

சந்தேகமிருந்தால் பழைய சென்னைக்காரர்களைக் கேளுங்கள். 1985இல் அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை இறக்கியது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1; 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. உள்ளே வைத்த எஞ்சினோ நாற்பதுகளில் வந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்தது. அதே வம்சத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதிருக்கிறது. ரோவருக்குப் பணம் கட்டியவர்கள் டிராக்டரின் பங்காளியை ஓட்டிக்கொண்டு வீடு போனார்கள். எண்பதுகள் முடிவதற்குள் அந்தக் கார் ஓய்ந்தது.

பெயர் பெரிதானால் சோதனைச்சாலையே ஏமாறும் என்பதை ஃபோக்ஸ்வேகன் 2015இல் காட்டியது. சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காகப் புகைவிடும் மென்பொருளை வைத்திருந்தது அந்த ஜெர்மன் நிறுவனம். மாட்டிக்கொண்ட பிறகு இந்தியாவில் மட்டும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சர்வீஸ் சென்டர் வாசலில் விளக்கை அணைத்துக்கொள்ளும் என் வண்டிக்கு அவ்வளவு படிப்பு கிடையாது, இயற்கையான திறமை.

பெயருக்குத் தனி விலை உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அம்பாசடர் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கார் ஓடவில்லை, தொழிற்சாலை ஓடவில்லை. பெயர் 80 கோடிக்கு ஓடியது. அப்படியானால் என் பில்லில் பெயரின் விலை எங்கே, ஐயா? எக்ஸ்-ஷோரூம் விலை தனியாக இருக்கிறது. இன்சூரன்ஸ் தனியாக இருக்கிறது. 10 இலட்சத்துக்கு மேல் 20 இலட்சம் வரை விலையுள்ள காருக்குக் கர்நாடக அரசு வாங்கும் 17 சதவீத ஆயுள்கால வரி, சாலையைப் பார்க்காத வண்டிக்கும் சேர்த்து, தனியாக இருக்கிறது. ‘பெயர் வகைக்கு’ என்று ஒரு தொகையும் போட்டிருந்தால் அதை மட்டுமாவது திருப்பிக் கேட்டிருப்பேன்.

ஒரே காருக்கு இரண்டு பெயர் வைத்தால் என்ன ஆகும் என்ற பரிசோதனையும் இங்கே நடந்து முடிந்துவிட்டது. 2019 ஜூனில் வந்த டொயோட்டா கிளான்சா, மாருதி சுசுகியின் பலேனோதான். சுசுகியின் குஜராத் தொழிற்சாலையில் பிறந்து, முகப்பையும் சின்னத்தையும் மாற்றிக்கொண்டு வேறு ஷோரூமுக்குப் போனது. 2020 ஜூலையில், எரிபொருள் பம்பில் கோளாறு இருக்கலாம் என்று மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. பின்னாலேயே டொயோட்டாவும் சுமார் 6,500 கிளான்சாக்களை அழைத்தது. இரு நிறுவனங்களும் தாமே முன்வந்து அறிவித்தன. அது பாராட்ட வேண்டியது. ஆனால் பம்புக்குச் சின்னம் படிக்கத் தெரியாது என்பதும் அன்று நிரூபணமானது.

தோற்றத்தைத் தவிர மாறியது ஒன்றே ஒன்று. மாருதி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்த வண்டிக்கு, டொயோட்டா 3 ஆண்டு அல்லது 1 இலட்சம் கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தது. வாங்குபவருக்குப் பெயரால் கிடைத்த இலாபம் அந்தக் காகிதம்தான். எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் பெயருக்கு மதிப்பு. மிச்சமெல்லாம் மாமனார் வாக்கு.

பார்வை 2ஐயும் விட்டுவைக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் குறைவு. ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சோதனைச் செலவை முதலில் புகார் கொடுத்தவரையே கட்டச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான், காரையே மாற்றித் தருவதற்கு அல்ல என்று 2006இல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022இல் அதே நீதிமன்றம் ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் வேறு மாதிரி பேசியது. 2017இல் நடந்த விபத்தில் காற்றுப்பை விரியவில்லை. எந்த வேகத்தில் மோதினால் விரியும் என்று கணக்கிட வாங்குபவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, மாற்றுக் கார் தரும் உத்தரவை உறுதிசெய்தது. கேட்கவே மனம் குளிர்ந்தது. ஆனால் அந்த நியாயம் கிடைக்க முதலில் மோத வேண்டும். என் வண்டி மோதும் அளவுக்கு ஓடினால் நான் ஏன் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்?

ஆகவே பணிவுடன் கோருவது:

1. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் காரைத் தடுப்பில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறீர்கள். மழை பெய்த மறுநாள் காலையில் கிளம்புகிறதா என்பதற்கும் ஒரு நட்சத்திரம் ஒதுக்க வேண்டும். சோதனைக் களத்துக்கு எங்கள் தெருப் பள்ளங்கள் இலவசம்.

2. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலம் 1982இலேயே ஒரு சட்டம் போட்டது. புது வண்டியில் ஒரே கோளாறை நான்கு முறை பார்த்தும் சரியாகவில்லை என்றாலோ, மொத்தம் முப்பது நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தாலோ, கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். அதைப் போல ஒன்று இங்கேயும் வேண்டும். முப்பது நாள் என்பதை நம் ஊருக்கேற்ப உயர்த்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வண்டி எந்த இலக்கையும் எட்டும்.

3. எந்த மாடலுக்கு எத்தனை புகார், என்ன கோளாறு என்பதை அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. நீங்களும் உங்களிடம் சேரும் புகார்களை மாடல்வாரியாகத் திறந்து வைக்க வேண்டும். பெயர் உண்மையா பொய்யா என்று சொல்ல அதைவிடப் பெரிய நட்சத்திரம் வேண்டாம்.

4. அதுவரை என்னைப் போன்றோரைக் ‘கௌரவ நற்பெயர்க் காவலர்’ என்று அறிவித்து, டோ வண்டிச் செலவையும் ஆட்டோ வாடகையையும் படியாக வழங்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வண்டியை விற்க ஏற்பாடு செய்துவிட்டேன். கம்பெனியின் பெயரைச் சொன்னதுமே, லிங்கராஜபுரத்தில் ஒருவர் நான் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். “எதுக்கு சார்? இந்தக் கம்பெனிதானே!” என்றார். எனவே கோரிக்கை 3ஐ நிறைவேற்றுவதில் அவசரம் வேண்டாம், ஐயா. ஆர்டிஓ ஆபீசில் பெயர் மாற்றம் முடிந்ததும் நானே எழுதுகிறேன். அதன் பிறகு தாராளமாகத் திறக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர் (விற்பனை முடியும் வரை)