டீலரையும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணுங்கள், ஐயா

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம்,
புட்னி, சீஹோர் மாவட்டம், மத்தியப் பிரதேசம்.

பொருள்: டிராக்டரோடு சேர்த்து டிராக்டர் டீலரையும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நர்மதைக் கரையில் 1955-இல் தொடங்கிய தங்கள் நிறுவனத்தின் பெயர்கூடத் தமிழ்நாட்டு விவசாயிகள் பலருக்குத் தெரியாது. ஆனால் மானியப் பட்டியலில் ஏறும் டிராக்டர் மாடல் எதுவானாலும், தங்களிடமோ தங்களைப் போன்ற அரசுச் சோதனை நிலையத்திலோ அடிபட்டு மிதிபட்டு வந்ததுதான். அங்கே அது படும் பாட்டைப் படித்தால் கண்ணீரே வரும். எஞ்சினை முழு லோடில் மணிக்கணக்கில் ஓட்டுகிறீர்கள். போதாதென்று 40 டிகிரிக்கு மேல் சூடேற்றிய அறையில் மறுபடி ஓட்டுகிறீர்கள். ஹைட்ராலிக்கில் பாரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, 30 நிமிடம் பக்கத்திலேயே நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று குறிக்கிறீர்கள். பிரேக், சத்தம், அதிர்வு, திரும்பும் வட்டம், சேற்றுழவில் தண்ணீர் எங்கே புகுந்தது என்பதுவரை எதையும் விடுவதில்லை. கடைசியில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, பிஸ்டன் ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிடுகிறீர்கள்.

இவ்வளவையும் தாங்கிய வண்டி ஊருக்கு வருகிறது. அதை விற்கப்போகிறவர் எந்தச் சோதனையையும் தாங்கியதில்லை. அவரிடம் ஏ.சி. அறை இருக்கிறது, வாசலில் ஃப்ளெக்ஸ் இருக்கிறது, மேசைமேல் ஒரு பொம்மை டிராக்டர் இருக்கிறது. தகுதி அத்தோடு முடிந்தது.

பெரிய டிராக்டர் வாங்குகிறவர் எப்படியோ பிழைத்துக்கொள்வார். இந்தியாவில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குக் குறையாமல் டிராக்டர் விற்கிறது. அதில் பெரும்பகுதி 30 முதல் 50 ஹெச்.பி.க்குள். ஊர் மெக்கானிக்கின் கை பழகியதும், பார்ட்ஸ் கடை அலமாரி நிறைந்திருப்பதும் அந்த வண்டிகளுக்காகத்தான். யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற 15 ஹெச்.பி. வண்டிகளும், 21 ஹெச்.பி. நியோஸ்டாரும், 28 ஹெச்.பி. ஜான் டீர் 3028-ம் அந்தக் கூட்டத்தில் சேராத மினி டிராக்டர்கள். தென்னந்தோப்புக்குள் நுழைய, ஐந்தடிப் பாரில் கரும்புக்கு நடுவே ஓட, திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து போக என்று வாங்குகிறார்கள். ஒரு ஆயில் சீல் போனால் டீலரை விட்டால் வேறு நாதியில்லை. ஆகவே மினி டிராக்டரில் பாதி விலை வண்டிக்கு, பாதி விலை டீலருக்கு. வண்டிப் பாதிக்குத் தங்கள் அறிக்கை இருக்கிறது. மற்ற பாதிக்கு மச்சான் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

முதலில் பவர் டெஸ்ட். விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் போடுவது எஞ்சின் ஹெச்.பி. ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பின்னாலுள்ள பி.டி.ஓ. தண்டுக்கு வரும் ஹெச்.பி. 15 ஹெச்.பி. வண்டியில் பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவுதான். தங்கள் அறிக்கையில் இதற்குத் தனி அட்டவணையே உண்டு, இணையத்திலும் கிடைக்கிறது. ஷோரூமில் கேட்டால், “அதெல்லாம் கம்பெனிப் பேப்பருண்ணே, நம்ம வண்டி எல்லாத்தையும் இழுக்கும்” என்பார்கள். அந்த நம்பிக்கையில் அளவுக்கு மீறிய ரோட்டவேட்டர் மாட்டி, செம்மண்ணில் இறக்கி, எஞ்சின் முக்கி, கிளச் பிளேட் கருகினால் தீர்ப்பு ஒன்றே ஒன்று: “உங்க டிரைவருக்கு ஓட்டத் தெரியலை.”

எனவே டீலருக்கான பவர் டெஸ்டைக் கேள்விகளில் அளக்கலாம். விலையைச் சொல்வதற்கு முன் அவர் எத்தனை கேள்வி கேட்டார்? என்ன மண், எத்தனை ஏக்கர், வரிசைக்கு வரிசை எத்தனை அடி, கையில் ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது? கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவர் வந்து உட்கார்ந்தால் பந்தல் உயரம் எவ்வளவு என்று கேட்காமல் எந்த டீலரும் வாய் திறக்கக் கூடாது. கூரை போட்ட வண்டியை அவர் தலையில் கட்டினால், வீட்டுக்குப் போன மறுநாளே கூரை கழன்று மாட்டுக்கொட்டகைக்குப் போகும். கூரைக்கு வாங்கிய காசு திரும்பி வராது. எதையும் கேட்காமல் “டீ சாப்பிடுங்கண்ணே, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்பவருக்கு மதிப்பெண் பூஜ்யம். டீக்கு வேண்டுமானால் அரை மார்க் போடலாம்.

சத்தச் சோதனையில் ஓட்டுநரின் காதருகே ஓர் அளவு, தள்ளி நிற்பவருக்கு ஓர் அளவு என்று இரண்டு எடுக்கிறீர்கள். இதை அப்படியே விலைக்குப் பொருத்தலாம். ஒரே நாளில், ஒரே மாடலுக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்ன விலை எவ்வளவு, வாசலில் நிற்பவருக்குச் சொன்னது எவ்வளவு? 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக்கு முந்தைய விலை நாலு லட்சம் என்றால் வரி 48,000 ரூபாயிலிருந்து 20,000 ஆகிறது. மிச்சம் 28,000. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் கேட்டவரிடம் ஒரு விலை, கேட்காதவரிடம் ஒரு விலை என்று இருந்தால் அது எத்தனை டெசிபல் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். டாப் லிங்க், ஹூக், பம்பர், டூல் கிட் ஆகியவை “எல்லாம் ஃப்ரீண்ணே” என்பதிலிருந்து “ஆக்சஸரீஸ்” என்ற தனி வரிக்கு எப்போது இடம்பெயர்கின்றன என்பதையும் கூடவே கண்டறிந்தால் புண்ணியமாகப் போகும்.

அதே எஸ்டிமேட்டில் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி உண்டு. எந்தக் கம்பெனியில் போடுவது என்று முடிவு செய்யும் உரிமை வாங்குபவருடையது. டீலர் வழியாக விற்கும் மோட்டார் காப்பீட்டுக்கு ஒழுங்காற்று ஆணையம் 2017-இலேயே விதி வகுத்திருக்கிறது. ஷோரூம் நாற்காலியில் அந்த உரிமைக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

கடன் மேசை இன்னும் கொஞ்சம் உள்ளே. “பத்து பர்சென்ட்தாண்ணே” என்று அங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது ஃபிளாட் ரேட்டா, குறையும் அசலுக்கா என்று கேட்டால் சிரிப்பு லேசாக மங்கும். நாலு லட்சத்துக்கு ஃபிளாட் 10 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் வட்டி மட்டும் இரண்டு லட்சம். மாதம் 10,000 வீதம் 60 தவணை. குறையும் அசல் கணக்கில் பார்த்தால் இது 17 சதவீதத்துக்கும் மேல். டிராக்டர் கடன் சிரிக்கிற விஷயமில்லை என்பதைத் தஞ்சாவூர் மாவட்டத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 மார்ச்சில், தவணை பாக்கிக்காகத் தன் நிலத்தில் நின்ற விவசாயி ஒருவரைப் போலீஸார் அடித்து இழுத்த வீடியோவை நாடே பார்த்தது.

தூக்கிய பாரத்தைத் தாங்கும் சோதனையை, ஐயா, தயவுசெய்து வாக்குறுதிக்கு மாற்றித் தாருங்கள். பாரத்துக்கு 30 நிமிடம் என்றால் வாக்குறுதிக்கு 30 நாள் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். “ஆர்.சி. ஒரு வாரத்துல கைக்கு வந்துடும்”, “முதல் சர்வீஸுக்கு நம்ம ஆளு தோட்டத்துக்கே வருவார்”, “சப்சிடியை நாங்க வாங்கித் தர்றோம்” ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்கவிட்டுப் பார்க்கலாம். மூன்றாவதுதான் முதலில் சரியும். மானியம் டீலர் சட்டைப் பையில் இருப்பதல்ல. சிறு, குறு விவசாயி, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறையிடம் விவசாயிதான் விண்ணப்பிக்க வேண்டும், உழவன் செயலியிலும் பதியலாம். ஒப்புதல் வருமுன் வண்டியை எடுத்துவிட்டு, பிறகு மானியத்துக்கு அலைகிறவரைப் பார்த்து, “கவர்மென்ட் ஃபண்டு வரலைண்ணே” என்று டீலர் உச்சுக்கொட்டுவார். அந்த அனுதாபத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கிடையாது.

திரும்பும் வட்டம் அளக்கத் தங்களுக்கு மைதானம் வேண்டியிருக்கிறது. வாரண்டி கேட்டுப் போகிறவருக்கு அது வேண்டியதில்லை. டீலரைக் கேட்டால் கம்பெனி, கம்பெனியைக் கேட்டால் ஏரியா மேனேஜர், ஏரியா மேனேஜரைக் கேட்டால் டீலர் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே வட்டம் முடிந்துவிடும். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில், பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கியது. அதன் நாலு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமே போட்டுவிட்டது. விவசாயி தன் வண்டியைத் தானே பழுது பார்க்க நிறுவனங்கள் கையேடும், பார்ட்ஸும், மென்பொருளும் தர வேண்டும் என்கிறது அது. இங்கே இன்னும் டீசல் ஃபில்டருக்கே “ஆர்டர் போட்டிருக்கோம்” நடக்கிறது.

எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது போல ஷோரூமையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம்தான் ஒர்க்‌ஷாப். விவரம் தெரிந்த விவசாயி காரிலிருந்து இறங்கியதும் நேரே பின்பக்கம் போகிறார். அங்கே தார்ப்பாய் போட்டு ஒரு மினி டிராக்டர் நிற்கிறது. முன் ஆக்ஸில் பிரித்தபடி, கழற்றிய போல்ட்டுகள் ஒரு பெயிண்ட் டப்பாவில். டப்பாவுக்குள் மழைத்தண்ணீர், தண்ணீரில் துரு. எத்தனை நாளாக நிற்கிறது என்று மெக்கானிக்கைக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட வேண்டும். விற்பவரைவிட ரிப்பேர் பார்க்கிறவர் உண்மை சொல்வார், சம்பளம் சரியாக வராத மாதம் என்றால் கூடுதலாகவே சொல்வார். அப்படியே பார்ட்ஸ் கவுண்டரில் கிளச் பிளேட், ஹைட்ராலிக் ஃபில்டர், பி.டி.ஓ. ஆயில் சீல் மூன்றும் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கேட்கலாம். சுவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த வருஷத்து ஆரஞ்சுப் பெயிண்டுக்கு அடியில் போன வருஷத்து நீலம் தெரிந்தால், நீல வண்டி வாங்கியவர்கள் இப்போது எங்கே சர்வீஸுக்குப் போகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. மூன்று மாதம் முன்பு வாங்கியவர் வண்டியைப் புகழ்வார். மூன்று வருஷம் முன்பு வாங்கியவரைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

புது வண்டி புதிதுதானா என்பதும் சோதனைக்கு உரியது. ஹவர் மீட்டர் சில மணி நேரம் காட்டலாம், நியாயம். ஊர் ஊராக டெமோ ஓட்டிய வண்டி கழுவித் துடைத்து, ‘ஸ்பெஷல் ஆஃபர்’ ஆவதும் உண்டு. சேஸ் தகட்டில் தயாரிப்பு மாதமும், டயரின் பக்கவாட்டில் வாரமும் வருஷமும் சேர்ந்த நாலு இலக்கமும் அதற்குச் சாட்சி சொல்லும். டெலிவரி நாளில் இதைப் பார்க்க முடியாது. அன்றைக்கு மாலை, சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம், ஆளுயர அட்டைச் சாவி, போட்டோ. அந்தச் சாவியைப் பிடித்துச் சிரிக்கும்போது இன்னொரு கையில் இருக்க வேண்டியவை வரி பில், விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22, வாரண்டி புத்தகம். பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சொந்தப் பிழைப்புக்காக வண்டி வாங்கியவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ஐந்து லட்சம் வரை விலை கொடுத்தவருக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. பில்லைத்தான் கேட்பார்கள், போட்டோவை அல்ல.

ஊரில் நல்ல டீலர்களே இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். உழவு நாளில் ராத்திரி எட்டு மணிக்கு போன் எடுப்பவர், “உங்க மூணு ஏக்கருக்கு இந்த வண்டி வேண்டாம், பவர் டில்லர் போதும்” என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்பவர், பார்ட்ஸ் இல்லையென்றால் தன் டெமோ வண்டியிலிருந்தே கழற்றிக் கொடுத்து அனுப்புபவர். இவர்களுக்கும் அட்டைச் சாவிக்காரருக்கும் வாசலில் ஒரே அளவு ஃப்ளெக்ஸ் தொங்குவதால்தான் இந்தக் கோரிக்கை.

சோதனைக்கான டீலரைத் தாங்களே நேரில் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக்டருக்கும் அப்படித்தானே, தயாரிப்பு வரிசையிலிருந்து தாங்கள்தானே பொறுக்குகிறீர்கள்? கம்பெனி அனுப்பிவைக்கும் ‘சிறந்த டீலர்’ விருதாளரை ஏற்க வேண்டாம். புட்னி தூரம் என்றால் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னையில் உள்ள தென்மண்டல நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். சோதனைக் கட்டணத்தை டீலரே கட்டுவார். “ஹேண்ட்லிங் சார்ஜ்” என்ற தலைப்பில் அதை ஏற்கெனவே வசூலித்துவிட்டார்.

இப்படிக்கு,
மினி டிராக்டர் விலை விசாரிக்கப் போன விவசாயிகள்

இணைப்பு: எஸ்டிமேட் நகல் 1 (விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதியது).