கந்தகம் போடாத ஒயினும் சுண்ணாம்பு தடவாத கலயமும்

லியோன்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். சத்தமில்லாமல் படித்துவிட்டு எல்ஐசி பாண்டுக்கு அடியில் வையுங்க.

போன ஞாயிறு ஆபீஸ் சிநேகிதன் என்னைப் போஜோலேவுக்குக் கூட்டிப்போனான். லியோனுக்கு வடக்கே மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. பேர் கமே. 1395-ல் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப், துரோகம் பண்ணுகிற செடி என்று வைது, வேரோடு பிடுங்கச் சொன்னாராம். அது தெற்கே இந்தக் கருங்கல் மண்ணில் பிழைத்துக்கொண்டது. பிழைக்க வந்த ஆள் என்றதும் எனக்கு ஒட்டுதலாகிவிட்டது.

இங்கே மோர்கோனில் மார்செல் லாபியேர் என்று ஒருத்தர் இருந்தார், 2010-ல் காலமானார். வேதியியல் படித்த ஜூல் ஷோவே சொன்னதைக் கேட்டு, வாங்கின ஈஸ்ட் போடாமல், கிருமியை அடக்கப் போடுகிற கந்தகத்தையும் முடிந்தவரை விட்டுவிட்டு, பழத்தோடு வருகிற ஈஸ்ட்டே புளிக்க வைக்கட்டும் என்றார். இன்றைக்கு அதுதான் நாகரிகம். நாங்கள் போன திராட்சைத் தோட்டக்காரர் இதை எனக்கு அரைமணி நேரம் விளக்கினார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் தானே கள். நம்ம பனையேறிக்குத் தெரியாததா? 1987-ல் நம்ம ஊரில் கள்ளுக்கடையை மூடினாங்க. இங்கே அதே ஞானத்துக்குத் தனி விலை.

குடித்தது 2022 ஒயின். அது பிரான்ஸ் அதுவரை காணாத சூட்டு வருஷம். "38 டிகிரி!" என்று தோட்டக்காரர் கண்கலங்கினார். அழகரைப் பார்த்துவிட்டு உச்சிவெயிலில் தார்ரோட்டில் வெறுங்காலோடு வீடு திரும்பினவன் நான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கவலையும் நியாயம். வெயில் ஏறினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். 12, 13 சதவீதத்தில் நிற்கிற ஆல்கஹால் 14-ஐத் தொடும். புளிப்பு குறைந்தால் கெட்ட கிருமிக்குக் கொண்டாட்டம். கந்தகம் போடாதவருக்குத் தூக்கம் போச்சு.

முதல் வாயில் செர்ரிப்பழம், அப்புறம் மிளகு, பின்னாலேயே மாட்டுக்கொட்டம். "கொஞ்சம் காற்றாடட்டும்" என்றார். நிஜமாகவே மாடு போய்விட்டது, பழம் நின்றது. துவர்ப்பு குறைவு, லேசாகக் குளிரவைத்துத் தருகிறார்கள், காரத்தோடு மல்லுக்கட்டாது. கறிதோசைக்கு அப்படி ஒரு ஜோடி அமையும். அவர்கள் வைத்ததோ ஆட்டுப்பால் சீஸ்.

அத்தை கையும் களவுமாகப் பிடித்தால் புறநானூற்றைச் சொல்லித் தப்பிக்கலாம். யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் தினம் அருந்தி மகிழும்படி நக்கீரரே பாண்டியனை வாழ்த்தியிருக்கிறார். அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்திருக்கு.

ஒரு பாட்டில் கேட்டிருந்தீங்க. கந்தகம் இல்லாத சரக்கு மே மாத மதுரையில் அலமாரியில் நிற்காது. ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்தை ஒதுக்கி இடம் பிடித்து வையுங்க, கொண்டுவருகிறேன். அத்தை கேட்டால் வினிகர் என்று சொல்லிவிடுங்க. கரண்ட் அடிக்கடி போனால் அது பொய்யாகவும் இருக்காது.

உங்கள் மருமகன்