லோரிக்குப் பவர் விண்டோ: சொந்தமாக மாட்டி நனைவது எப்படி

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் லோரி வைத்துப் பிழைக்கிற எவருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வந்தே தீரும். சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நிற்கும் மைவி காரில் ஒரு கல்லூரிப் பெண் விரல் நுனியால் கண்ணாடியை இறக்கி வழி கேட்பாள். நீங்கள் பதில் சொல்லக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பாதிக் கண்ணாடியை இறக்குவதற்குள் பச்சை விழுந்து, அவள் கொம்தாரைத் தாண்டியிருப்பாள். அப்புறம் பாலம். தீவுக்குள் வரும்போது மட்டும்தான் டோல் என்பது ஒரு சௌகரியம். ஆனால் அந்த ஒரு முறையும் பிறையில் மழை கொட்டும். ஒரு கையில் டச் அண்ட் கோ கார்டு, ஒரு கையில் கைப்பிடி, ஸ்டியரிங்கைப் பிடிக்க முழங்கால்.

வலது பக்கத்துக் கதை இது. இடது கண்ணாடிக்கோ இதுநாள்வரை பவர் விண்டோ இருக்கத்தான் செய்தது. அதற்குப் பெயர் கெலிண்டான், லோரியில் கூடவே வரும் உதவி ஆள். “டேய், கண்ணாடிய ஏத்துடா” என்றால் ஏறும். வாய் வார்த்தையிலேயே வேலை செய்யும், வயரிங் கிடையாது, மேகம் கறுத்தால் சொல்லாமலே ஏற்றிவிடும். “அண்ணே, அந்தப் பக்கம் நாசி கண்டார் கடை தொறந்துட்டான்” என்று தகவலும் தரும். சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று பல முதலாளிகள் கெலிண்டானை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓட்டுபவரே ஏற்றி, ஓட்டுபவரே இறக்கி, ஓட்டுபவரே கையெழுத்தும் வாங்குகிறார். ஆள் போன பிறகுதான் அவன் கண்ணாடி எத்தனை தொலைவில் இருக்கிறது என்பது தெரிகிறது.

ஆக, மாட்டுவதென்று முடிவாகிவிட்டது. கீழே சொன்னபடி செய்தால் தோல்வி நிச்சயம். இதிலிருந்து விலகிச் செய்து, வேலை நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

முதல் விதி: வாங்குமுன் வோல்ட்டேஜ் பார்க்கக் கூடாது. வானெட், ஹைலக்ஸ் வகையறா 12 வோல்ட். பெரிய லோரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கட்டி 24 ஆக்கியிருப்பார்கள். கடையில் தொங்கும் கிட் பெரும்பாலும் காருக்குச் செய்த 12 வோல்ட். அதை அப்படியே 24-இல் கொடுத்தால் கண்ணாடி இரட்டை வேகத்தில் ஏறும். தவ்கே முன்னால் காட்ட அருமையாக இருக்கும். சூடு நாலு மடங்கு என்பதால் கொஞ்ச நேரத்தில் கதவுக்குள்ளிருந்து புகை வரும். உடனே கோப்பிக் கடையில் ஒருவர், “ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருந்து எடு பாஸ், 12 வரும்” என்பார். வரும். ஆனால் ஆல்டர்னேட்டருக்கு இரண்டு பேட்டரியும் ஒன்றுதான். நீங்கள் உறிஞ்சுகிற பேட்டரி என்றும் பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் குடித்துக் கொதிக்கும். கடைசியில் இரண்டையும் மாற்றுவீர்கள். 24 வோல்ட் மோட்டார் வாங்குவது அல்லது 20 ஆம்பியர் தாங்குகிற கன்வெர்ட்டர் போடுவது என்ற வழிகளும் உண்டு. காசு செலவாகும் என்பதால் அவற்றை யாரும் கேட்பதில்லை.

ஸ்விட்ச் மட்டும் லோரோங் கூலிட்டில் வாங்கலாம். ஸ்டேடியம் பக்கத்துப் பழைய சாமான் சந்தையில், காலையில் போனால், ஒற்றைச் செருப்புக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு புரோட்டோன் வீராவிலிருந்து பிடுங்கிய ஸ்விட்ச் கிடக்கும். வயரை ஒட்ட நறுக்கியிருப்பார்கள். எந்தக் கால் எதற்கு என்று விற்பவரிடம் கேட்டால் “எல்லாம் போலே” என்பார்.

அடுத்தது, கண்ணாடி ஓடுகிற ரப்பர். அதைத் தொடவே தொடாதீர்கள். இருபது வருட வெயிலில் கல்லாகிப்போன ரப்பரில் கண்ணாடி இறுகியிருக்கும். உள்ளே ரெகுலேட்டர் துருப்பிடித்திருக்கும். இதுவரை உங்கள் கை அதையெல்லாம் அனுசரித்து, இறுகும் இடத்தில் நிதானித்துச் சுற்றியது. மோட்டாருக்கு அந்த நாசூக்கு தெரியாது. கண்ணாடி சிக்கினால் கரண்டைக் குடித்துக் குடித்துச் சூடேறும். உள்ளே இருக்கும் காப்பு ஸ்விட்ச் அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். “வெயில்ல மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். புது ரப்பர் போட்டு, ரெகுலேட்டருக்குக் கிரீஸ் வைத்து, கைப்பிடி இரண்டு விரலால் சுற்ற வருகிறதா என்று முதலில் பார்க்கிற ஆட்களுக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை.

இப்போது கதவைப் பிரிக்கலாம். அட்டையைக் கழற்றியதும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். பார்க்க எவனோ சாப்பாடு கட்டிய தாளை உள்ளே விட்டுவிட்டான் என்றே தோன்றும். கிழித்து எறியுங்கள்.

அந்தத் தாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நேராகவே பேசிவிடுகிறேன். கதவுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். வரும், வருகிற மாதிரிதான் கதவையே செய்திருக்கிறார்கள். கண்ணாடியை உரசி நிற்கும் வெளி ரப்பர் பாதித் தண்ணீரைத்தான் தடுக்கும். மிச்சம் கண்ணாடியின் மேலேயே வழிந்து உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீருக்கும் உங்கள் தொடைக்கும் நடுவில் இருக்கிற ஒரே வேலி அந்தத் தாள்தான். அது போனால் அட்டை ஊறும், ஸ்பீக்கர் ஊறும், புதிதாக மாட்டிய மோட்டாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கு மழை கேட்டுக்கொண்டா வருகிறது? விவரமான ஒயர்மேன் முதலில் அடித்துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுப்பார். வயரை நேராகக் கனெக்டருக்குக் கொண்டுபோகாமல் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுவார். வயர் வழியே வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். தாளைப் பழைய பசையிலேயே திரும்ப அழுத்தி ஒட்டுவார். இதற்கெல்லாம் அவர் தனிக் கூலி கேட்பதில்லை. கேட்டாலும் தப்பில்லை என்பேன்.

கீலுக்குப் பக்கத்தில் வயர் போக ஓட்டை வேண்டும். டிரில் போடுங்கள், பிசிறைத் தேய்க்காதீர்கள், ரப்பர் வளையம் போடாதீர்கள், வயரை இழுத்துப் பிடித்துக் கட்டுங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் தகர விளிம்பு வயரை அறுக்கும். சாமான் இறக்கும் லோரியில் ஒரு நாளில் கதவு எத்தனை முறை திறக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். அப்புறம் ஒரு கட்டத்தில், கதவை ஒரு சாண் திறந்து பிடித்தால்தான் கண்ணாடி இறங்கும் என்ற நிலை வரும். சிவப்பு விளக்கில் கதவை லேசாகத் திறந்து, கண்ணாடியை ஏற்றி, மறுபடி கதவை அடைக்கிற லோரிக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரிடம் இருப்பதும் பவர் விண்டோதான்.

வயர் எந்தத் தடிமன்? வீட்டில் கிடக்கும் ஸ்பீக்கர் வயரே போதும் என்று மனம் சொல்லும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆம்பியர் ஓடினால் வழியிலேயே இரண்டு வோல்ட் தொலைந்துவிடும். கண்ணாடி ஏறும், நீங்கள் டோலைத் தாண்டி ஜெலுத்தோங் போய்ச் சேர்வதற்குள் ஏறிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்கூட வராது.

இனி இணைப்பு. மோட்டாரிலிருந்து இரண்டு வயர் வரும். லைட், ஹாரன் பார்த்துப் பழகிய கை உடனே ஒன்றைக் கதவுத் தகரத்தில் எர்த் செய்யத் துடிக்கும். செய்யுங்கள். கண்ணாடி ஜோராக இறங்கும். ஏற்ற அழுத்தினால் பியூஸ் போகும். காரணம் எளிது: இந்த மோட்டாருக்கு நிரந்தரமான எர்த் வயர் என்று ஒன்று கிடையாது. ஓய்வில் இரண்டு வயரையும் ஸ்விட்ச்தான் எர்த்தில் பிடித்திருக்கும். மேலே அழுத்தினால் ஒன்றுக்குக் கரண்ட் வரும், கீழே அழுத்தினால் மற்றதற்கு. அதில் ஒன்றை நீங்களே தகரத்தில் கட்டிவைத்தால், ஒரு பக்கம் அழுத்தும்போது கரண்ட் நேராகத் தகரத்துக்குத்தான் போகும்.

இடது கண்ணாடிக்கு இரண்டு ஸ்விட்ச் வைக்கும்போது, ஒன்று உங்கள் பக்கம், ஒன்று ஆளில்லாத பக்கம், இந்தக் கூத்து இரட்டிப்பாகும். இரண்டையும் மோட்டாருக்குப் பக்கம் பக்கமாக இணைத்தால், நீங்கள் அனுப்புகிற கரண்டை அந்தப் பக்கத்து ஸ்விட்ச் சும்மா இருந்தபடியே எர்த்தில் தள்ளும். அந்த ஸ்விட்ச் தனக்கான எர்த்தை உங்கள் ஸ்விட்ச் வழியாகவே வாங்க வேண்டும். தாளில் படம் போட்டால் ஐந்து நிமிடத்தில் புரிகிற சங்கதி. படம் போடுகிறவர் குறைவு.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கும் பழைய வித்தை இருக்கிறது. அதன் பிறகு பியூஸ் போகாது. வயர் போகும், கம்பளம் போகும். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், மோட்டாரை அல்ல. அதனால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வயர் முனைகளை இணைக்க சோல்டர் வைத்தே தீருவேன் என்று சிலர் நிற்பார்கள். இந்தச் சாலையில் நின்றுகொண்டு அவர்களைக் குறை சொல்ல எனக்கும் கூச்சம்தான். பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் இன்று நிற்கும் இடத்தில் வெள்ளீயம் உருக்கினார்கள். ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி 1907-இல் அமைந்தது. மலாயாவின் ஈய மணல் இங்கே உருகி உலகெங்கும் போனது. சோல்டரில் பாதிக்கு மேல் வெள்ளீயம்தான் என்பதால், உலகத்தின் எத்தனையோ ரேடியோப் பெட்டிகளுக்குள் டத்தோ கிராமாட் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் லோரிக் கதவு ரேடியோ அல்ல. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை ஆணியாக்கிவிடும். டீசல் இன்ஜின் நடுக்கத்தில் அந்த ஆணி முடியும் இடத்தில் வயர் ஒடியும். சரியான பிளையரால் அழுத்திய கிரிம்ப் அதைவிட நாள் தாங்கும்.

வேலைக்கு நாள் குறிக்கச் சொன்னால் செட்டிப்பூச ரத ஊர்வலத்துக்கு முந்தைய நாளைச் சொல்வேன். கதவு பிரிந்தபடி, கண்ணாடி பாதியில் நின்றபடி, லோரியைச் சாலையோரம் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைக்கு இந்த வழியாகத்தான் போகும். அதற்கு முன்னால் மலையாகக் குவித்த தேங்காய்கள் உடையும். சிதறுகாயில் ஒரு பங்கு உங்கள் சீட்டுக்கும் உண்டு. இளநீர் காய்ந்த வாடை சீக்கிரம் போகாது.

விளையாட்டில்லாத ஒரு விஷயம். லோரியில் பிள்ளைகளை ஏற்றுவீர்கள் என்றால், ஸ்விட்சுக்கான கரண்டைச் சாவி திருப்பினால் மட்டும் வருகிற இடத்திலிருந்து எடுங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்கிற குழந்தையின் முட்டி பட்டாலே இந்தச் சந்தை ஸ்விட்ச் அழுந்தும். மலிவு கிட்டின் மோட்டார் நடுவில் கழுத்து இருக்கிறதா என்று பார்க்காது. மூடுவதற்கு மேல்நோக்கி இழுக்கிற ஸ்விட்சாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும்.

கழற்றிய கைப்பிடியை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். ஆனால் முறைப்படி தோற்க வேண்டுமென்றால் அதையும் போட்டுவிடத்தான் வேண்டும். பழைய சுழல் தண்டின் மேலேயே மோட்டார் பூட்டுகிற கிட் என்றால், மோட்டார் செத்த அன்று அதைக் கழற்றிவிட்டுச் சுற்றியே ஏற்றிக்கொள்ள அந்தக் கைப்பிடி ஒன்றுதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததா? வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருப்பீர்கள், கழற்றியிருந்தால். அதை மாட்டுங்கள். வலது கண்ணாடி ஏறும், இடது கண்ணாடி ஏறும், ரேடியோவில் மணி 12 என்று மின்னும். போட்டு வைத்திருந்த மின்னல் எஃப்எம் அழிந்து போயிருக்கும். அதை எந்தப் பட்டனை அழுத்தி எத்தனை விநாடி பிடித்தால் திரும்பப் பதியும் என்பது கெலிண்டானுக்குத்தான் தெரியும். அவனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.